எட்டாம் நம்பர் படம்

எல்லைக் கமிஷன் ஒன்றரை வருஷமாக முடிக்காத காரியத்தை எட்டே போட்டோவில் முடித்துக் காட்டுவது என்று சுந்தரதாஸ் சார் தீர்மானித்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், குளத்தூர் வாசகசாலையில்.

அந்த 1955-ஆம் வருஷம் வாசகசாலைக்கு வந்தவர்கள் பத்திரிகையில் ஒரே சங்கதியைத்தான் தேடினார்கள். தேவிகுளமும் பீர்மேடும் தமிழருக்கா, மலையாளிகளுக்கா? குளத்தூரே எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்திலிருந்த பாறசாலைக்கும் அதே கதிதான். ஆனால் ஒரு நாள் பஸ் பயணத்துக்கு அப்பால் இருந்த பீர்மேட்டை விட்டுக்கொடுக்க மட்டும் ஒருவரும் தயாராக இல்லை.

"நம்ம மலை, நம்ம மலைண்ணு தொண்டை கிழியக் கத்துறோம்," என்று சார் எழுந்து நின்றார். மிஷன் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் அவர். கையை வீசிப் பேசினால் காற்றிலேயே ஒரு படம் வரைவார். "நம்மள்ல எவனாவது அந்த மலையக் கண்ணால பாத்ததுண்டா?"

எவனும் இல்லை.

"நான் போறேன்! தேக்கடியில காட்டு மிருகங்களுக்குண்ணு சர்க்காரு சரணாலயம் வச்சிருக்கு. மலை உண்டு, ஏரி உண்டு, ஆனை உண்டு. எட்டுப் படம் எடுத்துட்டு வாறேன். இந்தச் சுவத்துல தொங்கவிடுவோம். பாத்தவன் வாயடச்சுப் போவான்!"

காரியதரிசி விஜயதாஸ் கைதட்டினார். கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து, சாயாக்கடை சதானந்தன் தொண்டையைச் செருமினார். வாசகசாலைக்கு எதிரேதான் அவர் கடை. ஆள் மலையாளக் கட்சி. ஊர் வழக்கப்படி சாரைச் 'சாறு' என்பார். தினமும் அவரோடு சண்டை போடுவார். சண்டை முடிந்ததும் சாருக்கு முதல் சாயா ஆற்றித் தருவார்.

"சாறு எடுக்கப் போறது படமல்ல. பஸ் டிக்கெட்டு."

"படம் வந்துட்டா?"

"எட்டுல ஒண்ணாவது ஆளுகள நிறுத்திப் பாக்க வச்சா, அந்தப் படத்த எனக்க சாயாக்கடையில தொங்கவிடும். சதானந்தன் வாக்கு மாறில்ல."

சாருக்கு உடம்பு புல்லரித்தது. எதிர்க்கட்சிச் சுவரில் தமிழ் மலை! அன்று அவர் குடித்த சாயாவுக்குச் சீனி போடவில்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கறுப்பு மையும் தடித்த அட்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். எட்டு அட்டையில் எட்டுத் தலைப்பு. ஒவ்வொரு எழுத்துக்கும் கொம்பும் சுழியும் கொடியும்.

"ஏட்டி, செல்லபாய்! இங்க வா. இத வாசி."

செல்லபாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசித்தாள். "ஒண்ணு, தெள்ளத் தெளிந்த ஏரி. ரெண்டு, நீரில் நிற்கும் நெடுமரங்கள். ஆறு, ஆனைக்கூட்டம். எட்டு, உறங்காத காவலன்... படம் எடுக்கதுக்கு முந்தியே தலைப்பா?"

"பிள்ள பொறக்கதுக்கு முந்தி பேரு தேடி வைக்க மாட்டாளா?"

"ஆம்பளப் பேரு தேடி வச்சு பொம்பளப் பிள்ள பொறந்தா?"

"மலையில ஆணும் கெடையாது, பெண்ணும் கெடையாது."

"செரி. இந்த உறங்காத காவலன் ஆரு?"

"மலையாக்கும்! ராவும் பகலும் கண்ண மூடாம நம்ம எல்லையக் காக்கிற மலை!"

செல்லபாய் அட்டையை மெதுவாகக் கீழே வைத்தாள். "இஞ்ச பாருங்க. எட்டுல ஒண்ணுல என்னைய எடுங்களேன். கலியாணத்துக்கும் போட்டோ எடுக்கல்ல. பதினோரு வருசமாச்சு. படத்துல எனக்க மொகம் எப்பிடி இருக்கும்ணு எனக்கே தெரியாது."

சார் மைக்கூட்டைத் தட்டிவிடாத குறை. "மனுஷனா? மலைப் படத்துலயா? மனுஷன் வந்தா மலை சின்னதாயிடும். ஒரு படத்துலயும் மனுஷன் கெடையாது. இது கொள்கை!"

"கொள்கையா. செரி," என்றாள் செல்லபாய்.

ஒரு சின்ன விஷயம் சொல்லவேண்டும். காமிரா செல்லபாயுடையது. பினாங்கில் வேலை பார்க்கும் அவள் தம்பி எலியா, அக்காவுக்கென்று அனுப்பிய கறுப்பு டப்பாக் காமிரா. கூடவே, அதை எப்படிப் பிடிப்பது, எங்கே அமுக்குவது என்று இரண்டு தாளில் கடிதமும் எழுதியிருந்தான்.

"அந்தக் கடிதாசிய ஒருக்கா வாசிச்சிட்டுப் போவோம்."

"உனக்க தம்பி துறைமுகத்துல மூட்டை எண்ணுறவன். நான் டிராயிங் மாஸ்டர். அவன் எனக்குப் படம் சொல்லித் தாறானா?"

செல்லபாய் கடிதத்தை மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள். வேதப்புத்தகம் அவளோடு பயணம் போகும்.

நெய்யாற்றின்கரை ஸ்டுடியோக்காரர் காமிராவுக்குள் ஃபிலிம் சுருளைப் போட்டார். பக்கத்திலிருந்த சாவியைத் திருப்பி, முதுகிலிருந்த சிவப்புக் கண்ணாடியில் ஒன்று என்ற எண் தெரிந்ததும் நிறுத்தினார். "எட்டுப் படம் உண்டு. இனி சாறு ஓரோ படத்துக்கும்..."

"தெரியும், தெரியும்!" என்றார் சார். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

*

தேக்கடி சாரைப் பைத்தியமாக்கிவிட்டது.

முதல் நாள் முழுவதும் பஸ்ஸில் குலுங்கி, குமுளியில் சபைக்காரர் ஒருவர் வீட்டில் படுத்து எழுந்து, காலையில் மோட்டார் படகில் ஏறினார்கள். படகு ஒரு வளைவு திரும்பியது. பனி விலகியது. சார் எழுந்து நின்றுவிட்டார். ஏரிக்குள் இலையில்லாத கறுத்த மரங்கள் நூறு நூறாக நின்றன. ஒவ்வொரு மரத்தின் உச்சியிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. மேலே மலை. அதற்கு மேலே இன்னொரு மலை. அதற்கும் மேலே மேகமா மலையா என்று தெரியாத ஒன்று.

"ஏட்டி, பாத்தியா! பாத்தியா! எல்லாம் நம்மளதாக்கும்!"

"உக்காருங்க. படகும் சேந்து ஆடுது."

சார் காமிராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மேலே இருந்த சின்னக் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தார். மூச்சை அடக்கினார். டிக்!

"ஒண்ணு!"

"இஞ்ச பாருங்க, அந்தச் சாவிய..."

"பேசாத! பேச்சு பட்டா படம் ஆடும்!"

டிக்! "ரெண்டு!"

"அதில்ல, எலியா எழுதினதுல..."

"வாய மூடு, ஏட்டி! ஏரியே கலங்குது!"

படகுக்காரர் கூடச் சிரித்தார். ஆறு பேர் முன்னால் வாயை மூடச் சொன்னது செல்லபாய்க்குப் பிடிக்கவில்லை. அவள் எட்டிக் காமிராவின் முதுகைப் பார்த்தாள். சிவப்புக் கண்ணாடியில் ஒன்று என்ற எண் அசையாமல் நின்றது. மூன்றாவது முறை வாயைத் திறந்தாள். சார் விரலை உதட்டில் வைத்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

செல்லபாய் வாயை மூடிக்கொண்டாள். அவள் தானாக வாயை மூடிக்கொண்டால் வீட்டில் என்ன நடக்கும் என்பது பதினோரு வருஷ அனுபவத்தில் சாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நேரம் பார்த்துத் தூரத்துக் கரையில் ஆனை தெரிந்தது.

"ஆனை! ஆனை! குட்டியும் உண்டு!" டிக்! இன்னொரு டிக்! கரையில் இறங்கி ஓடினார். அட்டைப்பூச்சி காலில் ஏறியதுகூடத் தெரியாமல் புல்மேட்டில் ஏறினார். டிக்! குப்புறப் படுத்து ஒரு டிக்! பாறைமேல் நின்று ஒரு டிக்! கடைசியாக, எல்லாவற்றிலும் உயர்ந்த சிகரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் தலைவணங்கி, "உறங்காத காவலனே!" என்று சொல்லி அமுக்கினார்.

டிக்!

"எட்டு! முடிஞ்சு! சதானந்தன் முடிஞ்சான்!"

அப்படியே மரத்தடியில் சரிந்தார். செல்லபாய் பொதியை அவிழ்த்தாள். அவித்த மரச்சீனிக் கிழங்கும் கருவாட்டுத் துவையலும். குளிர் காற்றுக்கு அது தேவாமிர்தமாக இறங்கியது. நாலு துண்டுக்குப் பதில் ஒன்பது துண்டு தின்றார்.

"திரும்பிப் போற படகு மூணு மணிக்காக்கும்," என்றாள் செல்லபாய். "அதுவரைக்கும் பெட்டிய நான் கொஞ்சம் வச்சுக்கிடட்டா?"

"வச்சுக்கோ. எட்டும் தீந்தாச்சு. இனி அது வெறும் பெட்டியாக்கும்."

"வெறும் பெட்டிதான? பெறகு ஒண்ணும் சொல்லப்படாது."

"வெறும் பெட்டிக்கு ஆரு என்ன சொல்லப் போறா?" என்று கண்ணை மூடினார் சார். கனவில் சதானந்தன் ஏணி வைத்து ஏறிச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரம் தூங்கினாரோ, பக்கத்தில் டிக் என்றது. கண்ணைத் திறந்தார். செல்லபாய் நாலடி தள்ளி நின்று, காமிராவைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் சேலைக்கரை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"என்ன சத்தம்?"

"மரங்கொத்தியா இருக்கும்."

"சேலை ஏன் நனஞ்சுது?"

"சும்மா மலையப் பாத்துட்டு வந்தேன்."

*

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாசகசாலை நிரம்பி வழிந்தது. சுவரில் எட்டு அட்டைகளும் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. மைதாப் பசையில் பூச்சி அரிக்காதிருக்கத் துருசு கலந்து சாரே தன் கையால் ஒட்டியது. சுவரே பெயர்ந்தாலும் அட்டை பெயராது. ஒவ்வொன்றுக்கும் மேலே படத்துக்கு இடம் காத்திருந்தது.

ஸ்டுடியோவிலிருந்து விஜயதாஸ் உறையை ஒட்டு பிரிக்காமல் வாங்கி வந்திருந்தார். வாசலில் செல்லபாய் சாரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆளுக முன்னால தெறக்கதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும்."

"பெறகு சொல்லு."

"பெறகு சொன்னா பிரயோசனம் இல்ல."

"ஏட்டி, சரித்திரம் காத்து நிக்குது!"

செல்லபாய் பெண்கள் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சொல்லவேண்டிய கடமை முடிந்தவள் மாதிரி கூரையைப் பார்த்தாள்.

முதல் படம் வந்தது. விஜயதாஸ் நேராகப் பிடித்தார், தலைகீழாகப் பிடித்தார். மலைக்குள் ஏரி. ஏரிக்குள் மேகம். மேகத்தின்மேல் படகு. படகின்மேல் ஒரு ஆனையின் பின்பக்கம். எல்லாம் வெளுத்துப்போய், கஞ்சியில் விழுந்த ஈ மாதிரி இருந்தன. கீழே தலைப்பு: தெள்ளத் தெளிந்த ஏரி.

"சாறே," என்றார் சதானந்தன், "தேக்கடியில ஆனை படகு மேலயா மேயுது?"

வாசகசாலை குலுங்கியது. சார் படத்தை வாங்கிக் கண்ணருகே பிடித்தார். "அது... மூடுபனி."

இரண்டாவது படம் வந்தது. சிரிப்பு நின்றது.

நீருக்குள் நெடுமரங்கள். ஒவ்வொன்றின் நிழலும் கோடு போட்டது போலத் தண்ணீரில் இறங்கியிருந்தது. ஒரு நீர்க்காகம் அப்போதுதான் பறக்க எழும்பியிருந்தது. சாரும் வாயைப் பிளந்தார். இதை எடுத்த ஞாபகம் அவருக்கு இல்லை. ஆனால் அருமையாக இருந்தது. அருமையாக இருந்ததால் அவர்தான் எடுத்திருக்க வேண்டும்.

"இது எப்பிடி சாறே எடுத்தீங்க?" என்றார் விஜயதாஸ்.

சார் பெண்கள் பெஞ்சைப் பார்த்தார். செல்லபாய் கூரையை விட்டுக் கண்ணை இறக்கி அவரை நேராகப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல அது நல்ல நேரம். சார் தொண்டையைச் செருமினார்.

"இடுப்பளவு தண்ணியில நிண்ணு எடுத்தது. அட்டை கடிச்சுது. அசையல்ல."

கைதட்டல். மூன்று, நாலு, ஐந்து. மலைச்சரிவில் மேகத்தின் நிழல். கரையில் காலடித் தடங்கள். ஆறாவதில் ஆனைக்கூட்டம் வரிசையாகத் தண்ணீர் குடித்தது. குட்டி தாயின் காலுக்கிடையில் நின்று காமிராவைப் பார்த்தது. ஒரு படத்திலும் மனுஷன் இல்லை. கொள்கை காப்பாற்றப்பட்டிருந்தது.

"இந்த ஆனையையும் சாறுதான் எடுத்தீங்களா?" கேட்டது செல்லபாய். அவள் குரல் மிகவும் மரியாதையாக இருந்தது.

"பின்னே ஆரு? ஒவ்வொரு படமும் நானாக்கும்! எட்டும் நானாக்கும்! இந்தக் கை!"

ஏழாவதும் வந்தது. சதானந்தன் எழுந்தார். கூட்டம் வழிவிட்டது. ஏழு படத்தையும் கிட்டே போய்ப் பார்த்தார். "கொள்ளாம்," என்றார் கடைசியில். "மலை எங்களுக்கதாக்கும். அதுல மாற்றமில்ல. ஆனா படம் கொள்ளாம், நல்ல படம். சொன்ன வாக்கு சொன்னதுதான். ஒண்ண எடுத்துக்கிடுதேன். எட்டாவதையும் காட்டுங்க."

"அதுதான் எல்லாத்துக்கும் மேல!" சார் நாற்காலிமேல் ஏறாத குறை. "எட்டாம் நம்பர், உறங்காத காவலன்! ராவும் பகலும் கண்ண மூடாம நம்ம எல்லையக் காக்கிறவன்! காட்டுங்க விஜயதாஸ், எல்லாரும் பாக்கட்டு!"

விஜயதாஸ் படத்தை உருவினார். பார்த்தார். சாரைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு எட்டாவது தலைப்புக்கு மேலே பிடித்தார்.

மரத்தடியில் மல்லாந்து படுத்து, வாயை அகலத் திறந்து, மீசையில் மரச்சீனித் துணுக்கோடு, சுந்தரதாஸ் சார் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது சரிதான். மனுஷன் வந்தால் மலை சின்னதாகிவிடுகிறது. உப்பி நின்ற அந்த வயிற்றுக்குப் பின்னால் பீர்மேட்டுச் சிகரம் ஒரு கொழுக்கட்டை அளவுக்குத் தெரிந்தது.

சதானந்தன் மிக மெதுவாகக் கேட்டார்.

"சாறே. எட்டும் சாறுதான் எடுத்ததுண்ணா, இது கிடந்த கிடையில எடுத்ததா?"

அன்று வாசகசாலையில் எழுந்த சிரிப்பு பொழியூர்க் கடற்கரைவரை கேட்டதாகச் சொல்பவர்கள் உண்டு. தமிழ்க் கட்சியும் மலையாளக் கட்சியும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தது அந்த வருஷத்தில் அந்த ஒரு தரம்தான். சார் எட்டாவது தலைப்பைச் சுவரிலிருந்து கிழிக்கப் பார்த்தார். நகம்தான் போயிற்று.

சதானந்தன் வாக்கு மாறவில்லை. எட்டாம் நம்பருக்கு ஒரு பிரதி போட்டு வாங்கி, கண்ணாடிச் சட்டத்தில் அடைத்து, சாயாக்கடையில் கல்லாப்பெட்டிக்கு மேலே தொங்கவிட்டார். யாரும் நின்று பார்க்காமல் போகவில்லை.

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் சார் முன்னால் நடந்தார். தோட்டத்து வேலி வந்ததும் நின்றார்.

"ஏட்டி. அந்தச் சாவியத் திருப்பணும்ணு உனக்குத் தெரியுமா?"

"எலியா கடிதாசியில எழுதியிருந்தானே. ஒவ்வொரு படத்துக்கும் ஒருக்காத் திருப்பணும். இல்லேண்ணா எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு விழும்."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

"பேச்சு பட்டா படம் ஆடும்ணு சொன்னீயளே."

சார் வேலிப் படலைத் திறந்து அவளுக்கு முதலில் வழிவிட்டார். செல்லபாய் உள்ளே போய், திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"விஜயதாஸ்கிட்ட புது ஃபிலிம் வாங்கியாரச் சொல்லியிருக்கு. வாற ஞாயித்துக்கெழம எனக்க படம் எடுக்கணும். நீங்க அமுக்குனா போதும். சாவிய நான் திருப்பிக்கிடுதேன்."