ஏழுமலைக்கு அழுத ரீல்

பெற்ற அப்பாவைச் சாகடித்தவன் நான். அதுவும் ஒலிப்பதிவுக் கூடத்தில், மைக் வைத்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு.

எழுபதுகளின் கடைசியில் சென்னையில் ஓர் ஒலிப்பதிவாளருக்கு உதவியாளனாக இருந்தேன். (எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அந்தத் திமிரும் கூடவே வேலைக்கு வந்திருந்தது.) படப்பிடிப்பு முடிந்த ஒரு படத்துக்கு ஒப்பாரி தேவைப்பட்டது. டப்பிங் பெண்கள் அழுததைக் கேட்ட டைரக்டர், "பல்வலி மாதிரி இருக்குய்யா" என்றார். நான் முந்திரிக்கொட்டையாக, "எங்க ஊர்ல ஆள் இருக்கு சார்" என்று சொல்லி, திருவண்ணாமலை பக்கத்து அடி அண்ணாமலையிலிருந்து, சாவு வீடுகளில் ஒப்பாரி பாடும் முனியம்மாக்காவைப் பஸ் ஏற்றி அழைத்து வந்தேன்.

திரையில் பிணம் வந்தது. அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"செத்தவரு பேரு இன்னாப்பா?"

"பேரெல்லாம் இல்லக்கா. படம் முழுக்க 'ஐயா'தான்."

"பேரு இல்லாத பொணத்துக்கு எப்பிடிடா அழறது? இன்னா தொழிலு, எத்தினி புள்ளைங்க, ஒண்ணும் தெரியாம?"

கண்ணாடிக்கு அப்பால் டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். என் வாயில் முதலில் வந்தது இதுதான்: "ஏழுமலை. செங்கல் சூளை. மூணு பசங்க."

"டேய், அது உங்கப்பன்டா! குத்துக்கல்லாட்டம் இருக்கிறவனுக்கா?"

"அதெல்லாம் மூடநம்பிக்கைக்கா. மேல மியூசிக் போட்டா பேரு கேக்கவே கேக்காது."

அழுதாள். "மண்ணைச் சுட்டு வூடு குடுத்த ஏழுமலை ராசாவே, மண்ணுக்குள்ள உன்னை வைக்க மனசு வல்லியே..." ஒலிப்பதிவாளரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி மிக்ஸிங்கில் அந்தக் காட்சிக்கு டைரக்டர் செய்த ஒரே வேலை, மியூசிக்கை முழுசாக எடுத்தது. எதிர்த்து ஒரு வார்த்தை பேச என் படிப்பு உதவவில்லை.

திருவண்ணாமலைக்குப் படம் வந்ததும், "எம்புள்ள சத்தம் புடிச்ச படம்" என்று அப்பா என்னையும் சொந்தபந்தம் இருபது பேரையும் திரட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனார். இடைவேளைக்குப் பிறகு, தியேட்டரே அதிர, அப்பாவின் பெயர், சூளை, மூன்று பிள்ளைகள் எல்லாம் வரிசையாக வந்தன. அம்மா தாலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். அப்பா மட்டும் என் பக்கம் குனிந்து கேட்டார்:

"டேய், நான் எப்படா செத்தேன்?"

எட்டு வருஷம் கழித்து நிஜமாகவே செத்தார். சூளையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. முனியம்மாக்கா வந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்தாள். பாடவில்லை.

"ஏழுமலைக்குதான் அப்பவே அழுதுட்டனே. ஒரு ஆளுக்கு ரெண்டு வாட்டி அழுதா வூட்ல இன்னொண்ணு வுழும்."

வீடே என்னைப் பார்த்தது. பெரிய மாமா, நிஜமான அக்கறையோடு கேட்டார்: "மாப்ள, அந்தப் படம் இப்ப எங்கனா ஓடுதா?"

அழுதுகொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டாள். படம் எங்கேயும் ஓடவில்லை. ஒப்பாரி இல்லாமலேதான் அப்பாவைத் தூக்கினோம்.

இன்றும் எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால், டாக்டரைத் தேடுவதற்கு முன்னால் என்னைத்தான் கேட்கிறார்கள்:

"டேய், இவனுக்கும் ரெகார்டிங் முடிச்சிட்டியா?"