ராகு காலத்தில் பல் பிடுங்காத ஆப்

எனக்கு அம்மாவை எதிர்த்துப் பேசத் தெரியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. முப்பது வயதில், அம்மா சொன்னாள் என்பதற்காக ஒரு பல் டாக்டரின் மொபைல் ஆப்பில் ராகு காலத்தை அடைத்து வைத்தவன் நான்.

அப்போது கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, சொந்தத் தொழில் என்று கரமனை வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தேன். (தொழில் என்றால் ஒரு லேப்டாப், ஒரு நாற்காலி, அம்மாவின் கவலை.) முதல் வாடிக்கையாளர் டாக்டர் வேலப்பன். பாறசாலைக்காரர், பரம நாஸ்திகர், மூடநம்பிக்கை ஒழிப்புக் குழு ஒன்றின் செயலாளர். ஆனால் கிளினிக் பழவங்காடிப் பிள்ளையாருக்குப் பக்கத்தில். நாள் முழுக்கத் தேங்காய் உடைகிற சத்தத்தில்தான் பாவம் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

அவருடைய ஆப்பில் தேதி மட்டும்தான் பதிவு செய்யலாம். அதனால் எல்லோரும் காலையிலேயே வந்து குவிந்தார்கள். நேரத்தையும் தேர்ந்தெடுக்க ஒரு வசதி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

"எடா சுப்பு, இது நல்லா வந்துதுன்னா எனக்குத் தெரிஞ்ச அஞ்சு டாக்டர்மாரும் உன்கிட்டத்தான் வருவாங்க, கேட்டியா?" என்றார்.

அந்த ஐந்து பேரை நம்பித்தான் என் தொழிலே இருந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து, விரலால் தள்ளினால் மணியும் நிமிஷமும் உருளுகிற சக்கரம் ஒன்றைச் செய்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா உருட்டிப் பார்த்தாள். முகம் மாறியது.

"வெள்ளிக்கிழமை பத்தரை காட்றதேடா! ராகு காலத்துல யாராவது பல்லைப் பிடுங்கிப்பாளா? ரத்தம் நிக்கலேன்னா பாவம் உன் தலையில அல்லே விழும்?"

சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. இரண்டு நாள் காப்பி வந்தது, பேச்சு வரவில்லை. மூன்றாம் நாள் நான் தோற்றேன். ஏழு கிழமைக்கும் ராகு கால நேரங்களைச் சாம்பல் நிறத்தில் மங்க வைத்தேன். அழுத்தினால், "நேரம் சரியில்லை, வேறு நேரம் பார்க்கவும்" என்று வரும். டாக்டர் கேட்டால் சாப்பாட்டு இடைவேளை என்று சமாளித்துவிடலாம் என்பது என் திட்டம். (திங்கட்கிழமை காலை ஏழரைக்கு எவன் சாப்பாட்டு இடைவேளை விடுவான்? புத்திசாலி!)

டாக்டர் கேட்கவே இல்லை. இரண்டு வாரம் கழித்து, "உன் ஆப் வந்த பிறகு தினமும் பேப்பர் படிக்க ஒன்றரை மணிக்கூர் கிடைக்குதுடா" என்று முதுகில் தட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குழுவின் கூட்டத்துக்கும் அழைத்தார். ஆப் செய்தவனுக்குப் பொன்னாடையாம். ஐந்து டாக்டர்களும் வருவார்களாம். கூட்டம் மாலை நாலரைக்கு. ராகு காலம் பார்த்துத்தான் வைத்திருந்தார்கள்.

எனக்குப் பொன்னாடை போர்த்திய கையோடு டாக்டர் மைக்கைப் பிடித்தார். "நாளைக்குத் திங்கட்கிழமை. ஏழரையிலேர்ந்து ஒன்பது வரை ராகு காலம். அந்த நேரத்துல வர்ற எல்லாருக்கும் இலவசமா பல்லு பார்க்கப் போறேன். இப்பவே எல்லாரும் போனை எடுத்து என் ஆப்ல நேரம் போடுங்க!"

ஐயோ என்றிருந்தது. பொன்னாடைக்குள் வியர்த்துக் கொட்டியது. இரண்டாம் வரிசையில் இருந்த ஒரு ரிட்டையர்டு வாத்தியார்தான் முதலில் எழுந்தார்.

"டாக்டரே, ஏழரை அமுங்கலியே?"

"ஏழேமுக்கால் போடுங்க சாரே."

"அதுவும் அமுங்கலை. நேரம் சரியில்லைன்னு எழுதிக் காட்டுது."

டாக்டர் தன் போனை எடுத்து எட்டு, எட்டேகால், எட்டரை என்று ஒவ்வொன்றாக அழுத்தினார். வாத்தியார் விடுகிற ஆளில்லை. "சரியா ஒன்பதுக்கு உண்டு டாக்டரே. ராகு காலம் முடிஞ்ச உடனே!"

முதலில் சிரித்தது முன்வரிசையில் இருந்த அந்த ஐந்து டாக்டர்கள்தான். பிறகு ஹாலே சிரித்தது. டாக்டர் மைக்கோடு என் பக்கம் திரும்பினார்.

"எடா, இதை யாரு போடச் சொன்னது?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். சாஃப்ட்வேர்க் கோளாறு என்றால் போதும், உலகமே நம்பும். ஆனால் என் வாயில் வந்தது உண்மை.

"அம்மா சொன்னா டாக்டர்."

மைக் அதைத் தெருவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. செத்துவிடலாம் போலிருந்தது.

மறுநாள் காலையிலேயே ராகு காலத்தைத் திறந்துவிட்டேன். பயனில்லை. ஐந்து டாக்டர்களில் ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. மூன்றே மாதத்தில், விட்ட வேலைக்கே திரும்பப் போய்ச் சேர்ந்தேன். வேலப்பன் டாக்டர் மட்டும் ஒரு தண்டனை விதித்தார்: எங்கள் வீட்டில் யாருக்குப் பல் வலித்தாலும் ராகு காலத்தில்தான் பார்ப்பார்.

அடுத்த வருஷம் அம்மாவுக்குக் கடைவாய்ப்பல் வலி. இரண்டு ராத்திரி தூங்கவில்லை. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வரச் சொன்னார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, என்னை வைதுகொண்டே போனாள். பல்லை எடுத்துவிட்டு வாயில் பஞ்சோடு வந்தவள், பஞ்சைத் துப்பியதும் சொன்ன முதல் வார்த்தை: "ஒரு ஈ காக்கா இல்லடா! போன உடனே கூப்பிட்டுட்டா."

அன்றோடு அம்மா மாறிவிட்டாள். பாங்க், ரேஷன் கடை, கரண்டு ஆபீஸ் எல்லாம் இப்போது அந்த நேரத்தில்தான். அப்பா தினமும் காலண்டரைப் பார்த்துவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: "ராகு காலம் வந்தாச்சு, கிளம்பலையா?"