மண்டபம் பார்க்க வந்த பஸ்

மலேசியாவில் எங்கள் ஊரான உலு திராமில், வாசற்படி ஏறாமலே கல்யாண மண்டபங்களை வேண்டாம் என்று தள்ளிய ஒரே மனிதர் எங்கள் பஸ் அண்ணன்தான். தொழிற்சாலை பஸ் ஓட்டுபவர். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமா என்பது சந்தேகம். பத்து வயது மூத்த என் அப்பாவே அவரை "பஸ் அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்.

என் கல்யாணம் நிச்சயமானதும், "மண்டபம் பாக்க நானும் வரேன்," என்றார். வந்தார், நாற்பத்து நாலு இருக்கை பஸ்ஸோடு. காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் வரை வண்டி சும்மாதானே நிற்கிறது என்பது அவர் கணக்கு. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ஆளுக்கொரு ஜன்னலோரம் உட்கார்ந்து போனோம்.

முதல் மண்டபத்தில் நாங்கள் மேடையைப் பார்த்தோம். அண்ணன் இறங்கவே இல்லை. பஸ்ஸை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துவிட்டு, "திரும்ப மாட்டேங்குது. வேணாம்," என்றார்.

"அண்ணே, கல்யாணம் எனக்கு. பஸ்ஸுக்கு இல்ல லா."

"அப்ப பெக்கோக் ஊர்ல இருந்து சொந்தக்காரங்க எல்லாம் எதுல வருவாங்க? பறந்தா?"

இப்படியே நாலு மண்டபம் போனது.

என் மனதில் இருந்தது ஜொகூர் பாருவில் ஒரு மண்டபம். கண்ணாடி விளக்கு, படம் எடுக்க வளைந்த மாடிப்படி. சிங்கப்பூரில் வேலை செய்யும் மாப்பிள்ளைக்கும் போனில் படம் அனுப்பி, சம்மதம் வாங்கியாயிற்று. "அண்ணே, இங்க மட்டும் பஸ் வேணாம்," என்று கெஞ்சினேன். "சரி" என்று தலையாட்டினார். பஸ்ஸில்தான் வந்தார்.

கேட்டுக்குள் பாதி நுழைந்ததும் வண்டி மாட்டிக்கொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை. அந்த நேரம் பார்த்து, அன்றைய கல்யாணத்து மாப்பிள்ளை ஊர்வலம் பின்னால் வந்து நின்றது.

"அலமாக்! நல்ல நேரம் முடியப் போவுது!" என்று யாரோ அலறினார்கள்.

அண்ணன் பதறவில்லை. பஸ்ஸின் பின்பக்க அவசரக் கதவைத் திறந்தார். மாலையும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை அதில் ஏறி, நடுவே நடந்து, முன்கதவு வழியாக மண்டபத்துக்குள் இறங்கினார். பின்னாலேயே மேளக்காரர்கள், தட்டு ஏந்திய பெண்கள். "உள்ள தள்ளிப் போங்க, உள்ள தள்ளிப் போங்க," என்று அண்ணன் பழக்கதோஷத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

மண்டப மேனேஜர் எங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்த பஸ் உங்களோடதா?"

எங்களுக்கு அங்கே தேதி கிடைக்கவில்லை. ஒரு வாரம் நான் அண்ணனோடு பேசவில்லை.

கடைசியில் வாய்த்தது கோயில் மண்டபம். மின்விசிறி, பிளாஸ்டிக் நாற்காலி, முன்னால் பெரிய திடல். அதில் அண்ணன் ஒரே கையால் பஸ்ஸை முழு வட்டம் அடித்துக் காட்டினார். நான் அழுதுகொண்டே தலையாட்டினேன்.

கல்யாணத்தன்று, முதலாளியிடம் கேட்டு வண்டியை எடுத்துக்கொண்டு, விடியுமுன்னே கிளம்பி பெக்கோக், பாலோ என்று ஊர் ஊராகப் போய் ஆட்களை ஏற்றி வந்தார். கெட்டிமேளம் கொட்டியபோது, நடக்க முடியாத ஒரு தாத்தாவைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தாராம். தாலி கட்டியதை அவர் பார்க்கவே இல்லை.

விஷயம் தெரிந்ததும் பந்தியில் அவரைத் தேடிப் போனேன். கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். "வயிறார சாப்பிடுங்கண்ணே," என்று வாளியை வாங்கி நானே சாம்பார் ஊற்றினேன்.

"பட்டுச் சேலைல ஊத்திக்காத தங்கச்சி. போ, போட்டோக்காரர் கூப்பிடறாரு."

மேடையில் மாப்பிள்ளையும் கையசைத்துக் கூப்பிட்டார். காத்திருக்கட்டும் என்று, அண்ணன் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.