குடிக்காத காடி

கிள்ளானில் ரபேல் என்று ஒருவர் இருக்கிறார். பொய் சொல்லத் தெரியாதவர். தெரியாதது தப்பில்லை. தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டதுதான் தப்பு.

ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற முதல் வருஷம் முழுக்க முன்வாசலில் நாற்காலி போட்டு, போகிற வருகிற லோரிகளுக்குப் பச்சைக்கொடி காட்டாத குறையாகப் பொழுதை ஓட்டினார். வீட்டில் பேச்சு குறைந்தது. காலையில் விசில் அடித்துக்கொண்டே சவரம் செய்கிற பழக்கமும் நின்றுபோனது. பிறகு ஒருநாள் காஜாங்குக்குப் போனவர், திரும்பி வரும்போது காடியோடு, அதாவது ஒரு காரோடு வந்தார்.

சாதாரணக் காடியா அது? இரண்டே கதவு, சிவப்பு நிறம், தரையோடு தரையாகத் தாழ்ந்த உடம்பு. ஜப்பான்காரன் முப்பது வருஷத்துக்கு முன்னால் வேகப் பைத்தியங்களுக்கென்றே செய்தது. ரபேல் அதில் ஏற வேண்டுமென்றால் முதலில் உட்காரும் பாகத்தைப் போட வேண்டும், பிறகு தலையைக் குனிய வேண்டும், கடைசியில் கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். இறங்க வேண்டுமென்றால் ஆளைக் கூப்பிட வேண்டும்.

மனைவி செசிலியா காடியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இது மினியாக் ஹித்தாம் குடிக்குமா?"

மினியாக் ஹித்தாம் என்றால் என்ஜின் எண்ணெய். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. முன்பு வைத்திருந்த காடி எண்ணெயைச் சத்தமில்லாமல் குடித்துத் தீர்த்துவிட்டு, கேரித் தீவில் அவள் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போகிற வழியில், பாமாயில் எடுக்கும் செம்பனைக் காட்டு நடுவில் படுத்துவிட்டது. பட்டுப்புடவையும் பூவுமாக செசிலியா செம்பனைக் குலை ஏற்றிய லோரியில் போய்த்தான் தேவாலய வாசலில் இறங்கினாள். பெண்ணைவிட இவளைத்தான் எல்லாரும் படம் பிடித்தார்கள்.

"குடிக்குமாவா? சேச்சே!" என்றார் ரபேல். அப்போது அவருக்கே தெரியாது. தெரியாத விஷயத்தில்தான் மனுஷனுக்குத் தைரியம் அதிகம். கூடத்தில் இருந்த ஆண்டவரின் திருஇருதயப் படத்தின் பக்கம் கையை நீட்டி, "ஒரு சொட்டு குடிச்சாலும் சாவி உன் கையில. அப்புறம் நீ என்ன வேணாலும் பண்ணிக்க" என்று சத்தியமே செய்துவிட்டார்.

"சரி. நானும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டுமா?"

செசிலியாவின் அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டியவர். சைக்கிளுக்கு முன்னால் கிளச் பழகியவள் அவள். ஆனாலும் ரபேல் பதறிப்போனார்.

"ஐயோ, இது உங்கப்பா லோரி இல்லமா. ரொம்ப சென்சிட்டிவ் லா."

"சரிங்க" என்று செசிலியா உள்ளே போய்விட்டாள். அவள் இவ்வளவு லேசாகச் சரி சொன்னால் பயப்பட வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் அவர் கற்றிருக்க வேண்டாமா?

அடுத்த வாரமே எண்ணெய் அளவு காட்டும் கம்பியை உருவிப் பார்த்தார். பாதி காணோம். பெட்டாலிங் ஜெயாவில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் கெல்வினிடம் ஓடினார். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அங்கிள், இது ரோட்டரி என்ஜின் லா. இது குடிக்கத்தான் செய்யும். குடிக்கிற மாதிரிதான் செஞ்சிருக்கான்."

மற்ற காடியில் பிஸ்டன் மேலும் கீழும் போகும். இதில் முக்கோணமாக ஒரு துண்டு சுழலும். அது தேயாமல் இருக்க, ஒரு சின்ன பம்ப் பெட்ரோலோடு கொஞ்சம் எண்ணெயையும் உள்ளே தெளித்துக்கொண்டே இருக்கும். அந்த எண்ணெய் எரிந்துபோகும். அவ்வளவுதான் விஷயம்.

விஷயம் தெரிந்ததும் வீட்டுக்கு வந்து, "செசிலி, தெரியாம சொல்லிட்டேன்" என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. சாவி போய்விடுமே! சாவி போனால் மறுநாளே காடியை விற்றுவிடுவாளே! அந்த நாற்காலி இன்னும் முன்வாசலில்தான் கிடந்தது. அதைப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

ஆகவே திட்டம் போட்டார். புது எண்ணெயை ஒரு காலி நல்லெண்ணெய்ப் போத்தலில் ஊற்றிப் பின்கட்டில் உர மூட்டைக்குப் பின்னால் ஒளித்தார். அவள் தேவாலயத்தில் காலைப் பூசைக்குப் போகும்போதெல்லாம் குறைந்ததை ஊற்றி நிரப்பினார். சனிக்கிழமை ஆனால் அவளைக் கூப்பிட்டுக் கம்பியை உருவிக் காட்டினார்.

"பாத்தியா? போன வாரம் எங்க இருந்துச்சோ அங்கயே நிக்குது!"

"அடேங்கப்பா" என்பாள் செசிலியா.

பொய்யை வீட்டுக்குள் வைத்தவர், உண்மையை எங்காவது இறக்கி வைக்க வேண்டுமே. பக்கத்து வீட்டு வல்லிபுரம் அதற்கு வாய்த்தார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனாலும் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டுதான் போவார். வேலியோரம் நின்று ரபேல் அவருக்குத் தினமும் பாடம் நடத்தினார்.

"ரோட்டரி குடிச்சாதான் உயிரோட இருக்குன்னு அர்த்தம், வல்லிபுரம். குடிக்கலன்னா பம்ப் செத்துப்போச்சு. பம்ப் செத்தா என்ஜினுக்கு அடுத்த மாசம் அடக்கப் பூசைதான்!"

ரகசியமாகத்தான் சொன்னார். ஆனால் பிளாட்பாரத்தில் முப்பது வருஷம் கத்திய தொண்டைக்கு ரகசியம் பேசத் தெரியவில்லை. சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் அவர் யோசிக்கவில்லை.

தவக்காலம் வந்தது. ரபேல் வழக்கம்போல நோன்புக்காகப் பீரை விட்டார். ஒரு சனிக்கிழமை காலை, செசிலியா அந்த நல்லெண்ணெய்ப் போத்தலைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னங்க, இது ஏன் உர மூட்டைக்குப் பின்னால கிடக்குது?"

ரபேலின் கை தலைக்குப் போனது. "அது... தலைக்குத் தேய்க்க வாங்குனேன். உடம்பு சூடு."

செசிலியா அவர் தலையைப் பார்த்தாள். அங்கே காதோரம் நாலு முடியைத் தவிர வேறொன்றும் இல்லை.

"சொல்லக்கூடாதா? உக்காருங்க, நானே தேய்ச்சு விடுறேன்."

"வேணாம் செசிலி, உனக்கு எதுக்குக் கஷ்டம்..."

"புருஷனுக்குச் செய்யறதுல என்னங்க கஷ்டம்?"

உட்கார்ந்தார். வேறென்ன செய்வது? ஜப்பான் தரத்து என்ஜின் எண்ணெய் உச்சந்தலையில் குளுகுளுவென்று இறங்கியது. செசிலியா நிதானமாக, விரல் விரலாகத் தேய்த்தாள்.

"வாசம் ஒரு மாதிரியா இருக்கே?"

"மூ... மூலிகை."

"ஓஹோ. சூடு இறங்குதா?"

"இறங்குது, இறங்குது."

ஆனால் ஒன்று. அவள் விரல்கள் பட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான புதிதில் இப்படித் தேய்த்துவிட்டாள். பிறகு அவருக்கு ஷிப்ட், அவளுக்குப் பிள்ளைகள். இத்தனை பிரியமாகத் தேய்க்கிறவளிடம் பொய் சொல்கிறோமே, சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தார். எண்ணெய் வாய்க்குள் வழிந்தது. மூடிக்கொண்டார்.

"நல்லா பளபளன்னு ஆயிடுச்சு" என்றாள் செசிலியா, தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டி. மூன்று தடவை சோப்புப் போட்டும் அந்தப் பளபளப்பு போகவில்லை. மறுநாள் பூசையில் பின்பெஞ்சுக்காரர்களுக்குக் கண் கூசியது.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள். ரபேல் வழக்கம்போலக் கம்பியை உருவிக் காட்டினார். "பாத்தியா? ஒரு சொட்டு குறையல!"

செசிலியா கம்பியைக் கூர்ந்து பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். "ஆமாங்க. தவக்காலத்துக்கு நீங்க பீரை விட்டீங்க, இது எண்ணெயையே விட்டுடுச்சு. பாவம், நல்ல காடி."

"எதுக்கு பாவம்?"

"குடிக்கலன்னா பம்ப் செத்துப்போச்சுன்னு அர்த்தமாமே? இது ரோட்டரிதானே? அடுத்த மாசம் என்ஜினுக்கு அடக்கப் பூசையாமே?"

ரபேல் கம்பியும் கையுமாகத் திரும்பினார். "யாரு சொன்னா?"

"நீங்கதான். தினமும் வேலியோரம் நின்னு பிரசங்கம் பண்றீங்களே. அதான் சாகறதுக்குள்ள குடுத்துடலாம்னு வல்லிபுரம் அண்ணனை வரச் சொல்லிட்டேன்."

சொல்லி முடிக்கவில்லை, கேட்டைத் திறந்துகொண்டு வல்லிபுரம் வந்தார். டை கட்டியிருந்தார்.

"ஓம் ரபேல், செசிலியா எல்லாம் சொன்னவ. கவலைப்படாதையும். பழைய இரும்பு விலைக்கு நானே எடுக்கிறன். கோழி அடைக்க நல்ல வசதி."

"கோழியா!"

"சிவப்புக் கூடு எண்டால் கோழிக்குப் பிடிக்கும் தானே?"

ரபேல் காடியைப் பார்த்தார். முன்வாசல் நாற்காலியைப் பார்த்தார். இரண்டு கையையும் விரித்து பானெட்டை மறித்துக்கொண்டு நின்றார்.

"குடிக்குது!" என்று கத்தினார். கிள்ளான் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். "நல்லாக் குடிக்குது! மொடாக் குடி குடிக்குது! நான்தான் திருட்டுத்தனமா ஊத்துறேன். பம்ப் உயிரோட இருக்குது, செசிலி! அந்த நல்லெண்ணெய்ப் போத்தல்ல இருக்கறது நல்லெண்ணெயே இல்ல!"

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சேவா என் தலையில தேய்ச்ச?"

"மூலிகைன்னீங்களே."

வல்லிபுரம் டையைத் தளர்த்திக்கொண்டு, "என்ர வேலை முடிஞ்சுது போல" என்று நடையைக் கட்டினார். செசிலியா திருஇருதயப் படத்தின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையை நீட்டினாள். சத்தியம் சத்தியம்தானே. ரபேல் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். வைத்தாரே தவிர, விடவில்லை.

"வித்துடாத செசிலி" என்றார்.

"யாரு விக்கப் போறா?" அவளுக்கும் சிரிப்பு போய்விட்டது. "இது வந்தப்புறம்தான் நீங்க மறுபடி விசில் அடிக்கிறீங்க. ஒரு வருஷம் அந்த நாற்காலியில உங்களைப் பார்த்து நான் எவ்வளவு பயந்தேன் தெரியுமா? இதை விக்க எனக்கென்ன பைத்தியமா? ஒரு ரவுண்டு ஓட்டணும்னு கேட்டேன். சென்சிட்டிவ்னீங்க. விடுங்க சாவியை."

விட்டார்.

மறுநாள் குருத்தோலை ஞாயிறு. செசிலியா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரே குனிவில் உள்ளே போய் உட்கார்ந்தாள். கியர் விழுந்த சத்தமே கேட்கவில்லை. இவ்வளவு நாளாக ரபேல் போட்டால் பல் கடிக்கிற கியர் அது. பக்கத்து சீட்டில் அவர் எண்ணெய்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச தூரம் போனதும் தன்னையறியாமல் விசில் அடிக்க ஆரம்பித்தார்.

வழியில் பெட்ரோல் போட நிறுத்தினார்கள். பாடற்குழுவில் இருக்கும் குளோரியா அடுத்த பம்பில் நின்றிருந்தாள். காடியைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"செசிலியா அக்கா! நீங்களா ஓட்டுறீங்க? அப்ப அங்கிளு?"

செசிலியா கண்ணாடியில் பொட்டைச் சரி செய்துகொண்டே சொன்னாள்.

"ஓட்டுறது நான். ஊத்துறது அவரு."

ரபேல் போத்தலோடு இறங்கப் பார்த்தார். முடியவில்லை. ஆளைக் கூப்பிட்டார்.