கவிதைக்குச் சமையலறை இல்லை

பல்கலைக்கழகம் என்றால் அதில் பல கலைகள் இருந்தாகவேண்டும் என்ற உயரிய நோக்கத்தில், எந்தக் காலத்திலோ ஒரு துணைவேந்தர் இத்தாலிய இலக்கியத் துறையைத் தொடங்கிவைத்தார். தொடங்கியவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். துறை மட்டும் போக மறந்துவிட்டது. மூன்றாவது மாடியில், நடைவழி முடிந்து இனிமேல் சுவர்தான் என்கிற இடத்தில், அது பாட்டுக்கு இருந்தது. ஒரு பேராசிரியர், ஒரு மாணவி, கதவு சரியாக மூடாத ஓர் அலமாரி. பக்கத்து அறை உள்ளலங்காரத் துறைக்கு ஏசி உண்டு. அதன் தண்ணீர் இவர்கள் சன்னல் ஓரமாகச் சொட்டும். பல்கலைக்கழகத்தின் நவீன வசதிகளில் இவர்களுக்கு வந்துசேர்ந்த பங்கு அது.

பேராசிரியரைத் தற்காலிகமாக நியமித்திருந்தார்கள். நியமன உத்தரவு வாங்கியபோது கருகருவென்றிருந்த தலை நரைத்தும் நியமனம் தற்காலிகமாகவே இருந்தது. அதனால் எல்லோரும் அவரைத் தற்காலிகம் சார் என்பார்கள். மாணவிக்கு அவர்கள் வைத்த பெயர் இத்தாலிக்காரி. அவள் அப்பா தையல் மெஷின் பழுது பார்ப்பவர். மகள் எதைப் படித்தாலும் சரி என்று மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார். அம்மாவுக்குத்தான் பாடு. யாராவது, "பொண்ணு என்ன படிக்கிறா?" என்று கேட்டால், "கம்ப்யூட்டர் மாதிரி ஒண்ணு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். கேட்டவர்களும், "ஓ, அதுக்குத்தான் இப்ப நல்ல எதிர்காலம்" என்பார்கள்.

உண்மையில் இத்தாலிக்காரியும் ஏதோ கணக்கியல் படிப்புக்குத்தான் வரிசையில் நின்றாள். வரிசை மூன்றாவது மாடி நடைவழி வரை நீண்டிருந்தது. அங்கே கடைசி அறையில் தற்காலிகம் சார் தனக்குத்தானே ஒரு கவிதையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. புரியாமலே கேட்டுக்கொண்டு கதவோரம் போய் நின்றுவிட்டாள். திரும்பிப் பார்த்தபோது வரிசையில் அவள் இடத்தில் வேறு யாரோ நின்றார்கள். அது போகட்டும் என்று இங்கேயே சேர்ந்துவிட்டாள். அன்று கேட்டது ஒரு பழங்காலத்து மருந்துக்கடைக்காரர் எழுதிய பதினான்கு வரிக் காதல் கவிதை. அவர் ஒரு பெண்ணுக்கு ஆயுள் முழுக்கக் கவிதை எழுதினார். அந்தப் பெண் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. அந்தக் கவிதைகளைப் பற்றித்தான் இத்தாலிக்காரி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சுற்றறிக்கை வந்தது. பயன்பாடற்ற துறைகளைக் கண்டறிந்து, உரிய கௌரவத்துடன் மூடுவதற்கு ஒரு குழு அமைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது.

குழுவுக்குப் பதிவாளர் தலைவர். பக்கத்து அறை உள்ளலங்காரத் துறைத் தலைவி உறுப்பினர். அவரை எல்லோரும் அலங்காரம் மேடம் என்பார்கள். துறையின் அனைத்து மாணவர்களின் சார்பாகவும் கருத்துச் சொல்ல இத்தாலிக்காரியை அழைத்திருந்தார்கள். மாணவர்களிடையே கருத்து வேறுபாடு எதுவும் இருக்கவில்லை.

"இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்றார் பதிவாளர்.

"இலக்கியம் மனுஷனோட..." என்று தொடங்கினார் தற்காலிகம் சார்.

"மனுஷனை விடுங்க. வேலை?"

தற்காலிகம் சாருக்கு வேர்த்துவிட்டது. பயந்தால் அவருக்குப் பாடம்தான் வாயில் வரும். "சார், கவிதையோட ஒரு பகுதியை இத்தாலியன்ல ஸ்தான்சான்னு சொல்லுவாங்க. அந்த வார்த்தைக்கு அறைன்னு அர்த்தம். அதாவது, கவிதை ஒரு வீடு மாதிரி. ஒவ்வொரு அறையா நாம உள்ள போறோம்..."

பதிவாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அறையா?"

"ஆமா சார்."

"நாம தங்குற அறையா?"

"அதே அறைதான் சார்."

"ஏன்யா, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? அறை சம்பந்தப்பட்ட துறைன்னு தெரியாம மூடப் பார்த்தோமே!"

அலங்காரம் மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். நகரத்தில் அப்போது இத்தாலி என்றால் பைத்தியமாக அலைந்தார்கள். இத்தாலியத் தரை, இத்தாலியக் குழாய், இத்தாலிய நாற்காலி. உட்கார முடியாத நாற்காலியாக இருந்தாலும் இத்தாலி என்றால் வாங்கி, உட்காராமல் வைத்திருந்தார்கள். அன்று மாலைக்குள் இத்தாலிய இலக்கியத் துறையும் உள்ளலங்காரத் துறையும் இணைந்து, 'இத்தாலிய அறைக்கலை உயராய்வு மையம்' என்று மலர்ந்துவிட்டன. நடுச்சுவரை இடித்தார்கள். ஏசி காற்று முதன்முறையாக இந்தப் பக்கம் வந்தது. தற்காலிகம் சார் அதற்கு நேரே நின்று கண்ணை மூடிக்கொண்டார். இத்தாலிக்காரிக்கு அவரைத் திட்ட மனம் வரவில்லை.

அடுத்த ஆண்டு வகுப்பறை கொள்ளவில்லை. உட்கார இடமில்லாமல் சன்னலில் தொற்றிக்கொண்டு நின்றார்கள். தற்காலிகம் சார் பதினான்கு வரிக் கவிதையைப் பலகையில் எழுதினார். முன்பெஞ்சில் ஒருவன் கை தூக்கினான்.

"சார், மொத்தம் எத்தனை சதுர அடி வரும்?"

தற்காலிகம் சார் திகைத்தார். அலங்காரம் மேடம் கைகொடுத்தார். "பதினாலு வரின்னா சின்ன ஃபிளாட்டுப்பா. முதல் எட்டு வரி ஹால். அடுத்த ஆறு வரி பெட்ரூம். ஒன்பதாவது வரியில ஒரு திருப்பம் வரும்னு சார் சொன்னாரே, அதுதான் கதவு."

வகுப்பே எழுதிக்கொண்டது. இத்தாலிக்காரி தற்காலிகம் சாரைப் பார்த்தாள். அவர் சாக்பீஸைப் பார்த்தார்.

அப்புறம் எல்லாம் முறைப்படி நடந்தது. நீண்ட கவிதைகள் மாடி வீடுகள் என வகைப்படுத்தப்பட்டன. காதலி இறந்துபோகும் கவிதைகளில் காற்றோட்டம் போதாது என்று கண்டறிந்தார்கள். இத்தாலிய மொழியைப் படிக்கச் சொன்னால் தேர்ச்சி விகிதம் குறைகிறது என்பதால், மொழிப்பாடம் நீக்கப்பட்டது. விருப்பமுள்ளோர் தம் சொந்த நேரத்தில் தெரிந்துகொள்ளத் தடையில்லை என்று பெருந்தன்மையாக ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள்.

இத்தாலிக்காரி பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. நேரே பதிவாளர் அறைக்குப் போனாள். அவர் நல்ல மனுஷர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மகளிடம் பேசுவது போலத்தான் பேசினார்.

"ஏம்மா, உன் துறை இருக்கணுமா, வேண்டாமா?"

"இருக்கணும் சார்."

"இருக்குதில்ல?"

"இருக்கு சார். ஆனா அதுல இலக்கியம் இல்ல."

"ரெண்டும் ஒரே நேரத்துல வேணும்னா எப்படிம்மா?"

அவள் தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். மருந்துக்கடைக்காரரின் எல்லாக் கவிதைகளையும் மூலத்தில் படித்து, ஒவ்வொரு சொல்லோடும் மல்லுக்கட்டி எழுதியது. ஒரே வரிக் குறிப்போடு திரும்பி வந்தது: 'ஆய்வேட்டில் சமையலறை இல்லை. ஏற்பதற்கில்லை.'

"சார், இது என்ன சார்?" என்று தற்காலிகம் சாரிடம் நீட்டினாள். "அந்த மனுஷன் பதில் வராத பொம்பளைக்குக் கவிதை எழுதினவர். அவர் எதுக்கு சார் சமையலறை கட்டணும்?"

"ஒண்ணே ஒண்ணு போட்டுடும்மா," என்றார் அவர் கெஞ்சலாக. "சின்னதா இருந்தாப் போதும். எனக்கு இந்த மாசம் நிரந்தரம் பண்றதா சொல்லியிருக்காங்க."

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டுக்குப் போனாள். யாரிடமும் பேசாமல் உட்கார்ந்து புதிதாக ஓர் அத்தியாயம் எழுதினாள். தலைப்பு, 'காலிச் சமையலறைக் கோட்பாடு'. கவிஞர் வேண்டுமென்றேதான் சமையலறை கட்டவில்லை. காதலில் பசி எடுக்காது என்பதே அதன் தத்துவம். ஆகவே கவிதையில் இல்லாத அந்தச் சமையலறையே அந்த வீட்டின் மிகப் பெரிய அறை. வரிகளுக்கு நடுவே உள்ள வெள்ளை இடம் முழுவதும் அதன் பரப்பளவில் அடங்கும். ஊன்றிப் படித்தால் கழுவுதொட்டி இருக்குமிடம்கூடத் தெரியும். எழுத எழுத அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். படிக்கிறவர்களுக்கு எங்கேயாவது சொரணை இருந்தால் உறைக்கட்டும், தூக்கி வீசட்டும், படிப்பே போகட்டும் என்று கொண்டுபோய்க் கொடுத்தாள்.

தங்கப் பதக்கம் கொடுத்தார்கள்.

"இத்தனை வருஷமா இலக்கியத்தைப் படிச்சவங்க யாருக்கும் இந்த காலி இடம் கண்ணுல படல பாருங்க!" என்று பதிவாளர் மேடையில் நெகிழ்ந்தார். அலங்காரம் மேடம் கட்டிப்பிடித்துக்கொண்டார். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம், "என் பொண்ணு. சமையலறையில ஆராய்ச்சி," என்றாள். வாழ்க்கையில் முதன்முறையாக மகளின் படிப்பை அவளால் ஒரே வரியில் சொல்ல முடிந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு, அது வெறும் கேலி என்று மைக்கில் சொல்ல வைத்திருந்த வாக்கியத்தை இத்தாலிக்காரி விழுங்கிவிட்டாள்.

அவளுக்கு மையத்தில் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. தற்காலிகம் சார் நிரந்தரமானார். பெயர் மட்டும் மாறவில்லை. நகரத்தில் புது வீடு கட்டுகிறவர்கள், சமைக்கவே முடியாத காலி அறை ஒன்று விட்டுக் கட்டி, அதற்குள் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சமைப்பதற்குப் பின்பக்கம் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார்கள்.

இத்தாலிக்காரிக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் இத்தாலியிலிருந்தே ஒரு பேராசிரியர் வருவதாகத் தகவல் வந்தது. உண்மையான இலக்கியப் பேராசிரியர். மையமே கதிகலங்கியது. "கேள்வி கேட்டா என்ன பண்றது?" என்று அலங்காரம் மேடம் கையைப் பிசைந்தார். தற்காலிகம் சாருக்குப் பழையபடி வேர்த்தது. இத்தாலிக்காரிக்கு மட்டும் மனசு லேசானது. வரட்டும். அவரிடம் அவர் மொழியிலேயே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம். வேலை போனாலும் போகட்டும்.

வந்தவர் ஒல்லியாக, சட்டைக் காலர் நைந்துபோய், சோர்ந்த முகத்தோடு இருந்தார். அலமாரியில் மருந்துக்கடைக்காரரின் கவிதைகளைப் பார்த்ததும் எடுத்துப் பிரித்தார். ஒரு பக்கத்தைத் தடவிக்கொடுத்தார். இத்தாலிக்காரிக்குக் கண் கலங்கியது. அவரைத் தனியே அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஐயா, உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்லவேண்டும்," என்றாள் இத்தாலிய மொழியில். "அந்தச் சமையலறை..."

"அதற்காகத்தான் வந்தேன்," என்று அவர் அவசரமாகக் குறுக்கிட்டார். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்கள் பல்கலைக்கழகத்திலும் இலக்கியத் துறையை மூடப்போகிறார்கள். ஒரே ஒரு மாணவன்தான் இருக்கிறான். பயன் என்ன என்று குழு கேட்கிறது. உங்கள் கோட்பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதும் எங்கள் பதிவாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதை எங்கள் மொழியில் எழுதிக் கொடுத்தால் துறை பிழைத்துக்கொள்ளும். நான் உங்கள் காலில் விழக்கூடத் தயார்."

இத்தாலிக்காரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மாணவர்கள் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு போனார்கள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். இத்தனை வருஷம் பாடுபட்டுக் கற்ற இத்தாலிய மொழி அவளுக்கு உத்தியோக ரீதியாக முதன்முதலில் பயன்பட்டது அன்றைக்குத்தான்.

அவர் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வரியாக, பயபக்தியோடு படித்தார். ஓரிடத்தில் நெற்றியைச் சுருக்கினார்.

"ஒரு சந்தேகம். குழுவில் கட்டாயம் கேட்பார்கள். கழுவுதொட்டி எங்கே வருகிறது?"

அவள் கொஞ்சமும் தயங்காமல், இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாமல், "சன்னலுக்குக் கீழே," என்றாள்.