ஒரு பார் இறக்கினேன்

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் ஜூலியன் ஒரு சபதம் எடுத்தார். வீட்டிலிருக்கும் மின்சார ஸ்கூட்டரை மனைவி ரூபியின் கையிலிருந்து சத்தமில்லாமல் மீட்டே தீருவது. சத்தமில்லாமல் என்பது முக்கியம். சத்தம் போட்டு ரூபியிடமிருந்து எதையாவது மீட்டதாக முப்பத்திரண்டு வருட மணவாழ்வில் சரித்திரமே கிடையாது.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. உப்பளம் மைதானத்தில் தினம் மாலை ஐந்து மணிக்கு பெத்தாங். இரும்புக் குண்டை எறிந்துவிட்டு, சின்ன மரக் குண்டுக்கு யாருடையது கிட்டே போனது என்று குனிந்து நின்று சண்டை போடுகிற அந்தப் பிரெஞ்சு ஆட்டத்துக்காகத்தான் ஜூலியன் காலையில் கண் விழித்தார். கருவடிக்குப்பத்தில் குடியிருப்பவருக்கு உப்பளம் ஊரின் மறுகோடி. பழைய பெட்ரோல் ஸ்கூட்டரைக் கொடுத்துத்தான் இந்தப் புது வண்டி வந்தது. வந்ததும் ரூபியின் பெயரில் பதிவாயிற்று. காலையில் தையல் வகுப்பு, மாலையில் கோயில் பாட்டுக்குழு. வண்டி ரூபியோடு ஊர்வலம் போக, குண்டுகள் கட்டிலுக்கடியில் துருப்பிடித்தன.

பின் டயர் தேய்ந்துபோய் மாற்றப் போன அன்று வழி பிறந்தது. டயர்க்கடை அன்பழகன் இருவரையும் நிற்கவைத்துப் பாடம் நடத்தினார்.

"கரண்டு வண்டிக்கு ஏதோ ஒரு டயரைப் போட்டுட முடியாது சார். மொதல்ல பேட்டரி கனத்தைத் தாங்கணும். ஆளு கனமும் சேந்துடுது இல்ல? முறுக்குனதும் பாயறதுல ரப்பரு சீக்கிரம் தேயும். அப்புறம் டயரு லேசா உருளணும், அப்பதான் சார்ஜ் நிக்கும். காத்து மட்டும் கொறஞ்சுதுன்னு வைங்க, வண்டி நகரவே அழும்."

கடைசி வாக்கியத்தை ஜூலியன் பத்திரமாக மடித்து மனசுக்குள் வைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற ரூபி வேறொரு வாக்கியத்தை எடுத்து வைத்துக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து ஜூலியன் வீட்டின் டயர் மந்திரி ஆனார்.

"நீ முறுக்கற முறுக்குல இந்த டயரும் போயிடும் ரூபி."

"முறுக்காம எப்படிங்க வண்டி போவும்? கெஞ்சவா முடியும்?"

"அதுக்குன்னு ஒரு கை பக்குவம் இருக்கு. டயரைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"கறுப்பா இருக்கும், உருண்டையா இருக்கும். மீதி எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள் ரூபி. இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளும் அளவுக்கு ஜூலியன் நல்ல மனிதர்.

பாரிஸிலிருந்து மச்சான் ரெக்ஸ் கொண்டுவந்து கொடுத்த காற்று அளக்கும் கருவி அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. அது பிரெஞ்சுக் கருவி. டயரில் எவ்வளவு காற்று என்று கேட்டால் 'பார்' கணக்கில்தான் பதில் சொல்லும். வண்டியின் பின் டயருக்கு இரண்டரை பார் வேண்டும். புதுச்சேரியில் பார் என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் இருப்பதை ஜூலியன் யோசித்திருக்க வேண்டும். மூன்று வருடம் முன்புவரை அந்தப் பொருளில் அவர் கரை கண்டவர். பிறகுதான் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றி, இனிமேல் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டார்.

திட்டம் எளிமையானது. ரூபி சமையலறையில் இருக்கும் காலை ஆறு மணிக்கு, பின் டயரில் ஒரு பார் காற்றை இறக்கிவிடுவது. வண்டி இழுக்கும், சார்ஜ் கரையும், ரூபி அலுத்துப்போவாள். மாலையில் கால் பம்ப்பால் ஒரு பார் ஏற்றிக்கொண்டு உப்பளத்துக்குப் பறப்பது.

மூச்சுவிடாமல் செய்திருந்தால் திட்டம் பிழைத்திருக்கும். ஆனால் ஜூலியன் அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு எழுதியவர். எழுதிவைக்காத வேலை நடந்த வேலையாகவே அவருக்குத் தோன்றாது. ஒரு நோட்டுப் போட்டார்.

திங்கட்கிழமை தையல் வகுப்பு முடிந்து ரூபி களைத்து வந்தாள்.

"என்னாங்க, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. பாதி வழியிலயே சார்ஜ் பாதியாயிடுச்சு."

"நான் சொல்லல? எல்லாம் உன் கை. சாயந்தரத்துல என்கிட்ட விடு, பழக்கி வைக்கறேன்."

"சரிங்க" என்றாள் ரூபி. அவள் இவ்வளவு சுலபமாக 'சரிங்க' சொன்னது கல்யாணத்தன்று பாதிரியார் கேட்டதற்குப் பிறகு இதுதான் முதல் தடவை. ஜூலியன் அப்போதே பயந்திருக்க வேண்டும். மாலையில் காற்றை ஏற்றி, குண்டுப் பையைத் தூக்கிக்கொண்டு விசிலடித்தபடி கிளம்பினார்.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று நான்கு நாள் ராஜபோகம். பெத்தாங் குழுவின் தலைவர் சுப்பிரமணியனே, "ஜூலியன், கை நல்லா விழுது" என்றார். ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

ஞாயிறு நாலரை மணி. புதுச் சட்டை போட்டு, குண்டுப் பையோடு கூடத்துக்கு வந்த ஜூலியன் திகைத்தார். சுப்பிரமணியனின் மனைவி தாமரைச்செல்வி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் ஒரு சேதி விழுந்தால் மூன்று தெரு தாண்டித்தான் நிற்கும். ரூபி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் அவருடைய நோட்டு.

"நீயே படி தாமரை. எனக்குக் கண்ணு மறைக்குது."

தாமரைச்செல்வி சத்தமாகப் படித்தாள். "திங்கள் காலை ஆறு மணி. ஒரு பார் இறக்கினேன். ரூபிக்குத் தெரியாது. மாலை, ஒரு பார் ஏற்றினேன். சுகமாகப் போயிற்று."

"அது வந்தும்மா..."

"செவ்வாய் காலை. ஒரு பார் இறக்கினேன். சத்தம் வந்தது, இருமிச் சமாளித்தேன். புதன் காலை. அவசரத்தில் ஒன்றரை பார் இறங்கிவிட்டது. தள்ளாட்டம் இருக்கும்." தாமரைச்செல்வி நோட்டை மூடினாள். "ஏண்ணே, காலையில ஆறு மணிக்கு எந்த பாருண்ணே தொறந்திருக்கு?"

"அய்யோ, இது அது இல்ல."

"மாதாவுக்கு நேந்துகிட்டு இப்படிப் பண்ணலாமா? குடிக்கறவங்கள எங்க வூட்டுக்காரரு ஆட்டத்துலயே சேக்கமாட்டாரு. இரும்புக் குண்டு, யாரு காலையாவது ஒடைச்சிட்டா?" அவள் கைப்பேசியை எடுத்தாள்.

ஜூலியன் ரூபியைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவள், ஒரு வார்த்தை சொல்லிக் காப்பாற்றக்கூடாதா? ரூபி முந்தானையை எடுத்தாள். கண் காய்ந்துதான் இருந்தது. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. குடிகாரன் என்று ஒப்புக்கொண்டால் பெத்தாங் போச்சு. காற்றுத் திருடன் என்று ஒப்புக்கொண்டால் வண்டி போச்சு. எது போனால் பரவாயில்லை என்று யோசிக்க தாமரைச்செல்வியின் கட்டைவிரல் நேரம் கொடுக்கவில்லை.

"போன் பண்ணாதம்மா. இங்க பாரு, இதான் பார்." கருவியை நீட்டினார். "பார்னா காத்துக் கணக்கு. டயருல இருக்கற காத்து. நான் எறக்குனது காத்தைத்தான்."

"எந்த வண்டியில எறக்குனீங்க?"

ஜூலியன் குண்டுப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சொல்லுங்க, எந்த வண்டியில?" என்றாள் ரூபி. முந்தானை முடிச்சை அவிழ்த்து, டயர் வால்வின் சின்னக் கறுப்பு மூடியை மேசைமேல் வைத்தாள். "புதங்கெழமை போட்ட சட்டையைத் தொவைக்கறப்ப பையில கெடச்சுது. அன்னிக்குக் கோயில் வளைவுல வண்டி பின்னாடி ஆடி, செவுத்துல கைய ஊணி நின்னேன். விழுந்திருந்தா அதையும் நோட்டுல எழுதியிருப்பீங்களா?"

ஜூலியனுக்கு உண்மையிலேயே வெட்கமாகிவிட்டது. வண்டி இழுக்கும் என்று மட்டும்தான் அவர் கணக்குப் போட்டிருந்தார். ரூபி விழலாம் என்பது அவர் நோட்டில் எங்கேயும் இல்லை.

"தப்புதான் ரூபி. இனிமே காத்துல கையே வைக்கமாட்டேன்."

"ஏன் வைக்காம? தாராளமா வைங்க. அன்பழகன் என்ன சொன்னாரு? ஆளு கனமும் டயருக்குச் சேந்துடுதுன்னாரு. நான் அம்பத்தி ரெண்டு கிலோ. நீங்க தொண்ணூத்தி நாலு. டயரைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அதனால ஓட்டறது நானு, பாத்துக்கறது நீங்க."

"நியாயமாத்தான்க்கா இருக்கு" என்று தாமரைச்செல்வி தீர்ப்பில் கையெழுத்துப் போட்டாள்.

"இன்னிக்குப் போட்டி இருக்கே?"

"குண்டைத் தூக்கிக்கிட்டு நடந்து போங்க. கனம் கொறைஞ்சா டயருக்கும் நல்லது. அதுக்கு முன்னாடி பின் டயரைக் கொஞ்சம் பாத்துடுங்க, காலையில நானும் ஒரு பார் எறக்கிட்டேன்."

புதுச் சட்டையோடு ஜூலியன் வாசலில் கால் பம்ப்பை மிதித்தார். தொண்ணூற்று நாலு கிலோவும் மூச்சிரைத்தது. இரண்டரை பார் ஏறியதும் ரூபி வண்டியில் உட்கார்ந்தாள். பின்னால் தாமரைச்செல்வி ஏறிக்கொண்டாள்.

"பாட்டுக்குழுவுக்கா?" என்று இரைத்துக்கொண்டே கேட்டார் ஜூலியன்.

"இன்னிக்குப் பாட்டு இல்ல. நீங்க அடிச்ச காத்தை மறக்காம நோட்டுல எழுதி வைங்க. நாங்க பீச்சுல கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரோம்."