பிளேட்டுக்காரரின் ஐந்து சொந்தங்கள்

கொல்லிமலைக்கு ஏறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் சேர்ந்து ஒரு மனிதனை எவ்வளவு களைப்பாக்குமோ, அதைவிட அதிகமாக என்னைக் களைப்பாக்கியவர் பிளேட்டுக்காரர். வளைவுகளாவது எழுபதோடு முடிந்துவிடும்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் இருக்கிறது. நானே ஒருமுறை விண்ணப்பத்தில் தட்டியிருக்கிறேன். ஆனால் மலைமேல் எங்கள் தேவனூர் நாட்டில் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்கள். பிளேட்டுக்காரர் ஊடு என்று கேட்டால், மரவள்ளிக்குக் களை வெட்டுகிறவர்கள்கூட நிமிராமலே கையை நீட்டிவிடுவார்கள். பழைய இசைத்தட்டைத்தான் எங்கள் பக்கத்தில் பிளேட்டு என்பது. அவரிடம் இருந்தது ஒரே ஒரு பிளேட்டு. நாற்பது வருஷத்துக்கும் மேலாக அதையே போட்டுக்கொண்டிருந்தார்.

வாலிபத்தில் நாமக்கல் லாரியில் கிளீனராகப் போய் டிரைவரானவர். ஒருமுறை கல்கத்தாவில் ஸ்டிரைக். லாரி ஒரே இடத்தில் ஒன்பது நாள் நின்றது. எதிரே ஒரு பழைய சாமான் கடை. கடைக்காரன் காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை ஒரே பிளேட்டை ஓடவிட்டானாம். முதல் மூன்று நாள் இவருக்குக் கடைக்காரனை அடிக்கத் தோன்றியிருக்கிறது. நான்காம் நாள் பிடித்துப்போயிற்று. ஒன்பதாம் நாள் அந்தப் பிளேட்டை வாங்கி, கம்பளிக்குள் சுற்றி, சீட்டுக்குப் பின்னால் படுக்கவைத்து மலைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

ஜாஸ் என்று அந்த இசைக்குப் பெயர். அது அவருக்குத் தெரியாது. நடுவில் ஒட்டியிருந்த காகிதம் உரிந்துபோயிருந்ததால் யார் ஊதுகிறார்கள், எந்த நாடு, ஒன்றும் தெரியாது. நிதானமாக ஆரம்பிக்கிற மாதிரி ஆரம்பித்து, வாசிக்கிற ஐந்து பேரும் திடீரென்று ஆளுக்கொரு திசையில் ஓடுவார்கள். இனி ஒன்றுசேர மாட்டார்கள் என்று நாம் முடிவுகட்டுகிற நேரத்தில், ஐந்து பேரும் ஒரே வாசலில் வந்து நிற்பார்கள். பெயர் தெரியாத ஐந்து பேரோடு எத்தனை வருஷம் குடித்தனம் நடத்த முடியும்? அவரே சொந்தமுறை வைத்துவிட்டார்.

"சாக்ஸபோன் ஊதுறாரு பாரு சாமி, அவரு அண்ணன். எல்லாத்தையும் முன்னால நின்னு இழுத்துப் போட்டுக்கிட்டுச் செய்வாரு. டிரம்பெட்டு மச்சான். அண்ணன் எதைச் சொன்னாலும் எடக்காத்தான் பதில் சொல்லுவான். பியானோ சகலை. பந்தி போட்டப்பறம் வந்து, எலை எடுக்கறதுக்கு முன்னால போயிருவான். அந்தப் பெரிய பிடில் இருக்குதில்ல, தொம்முதொம்முன்னு, அவன் பங்காளி. வாயே திறக்கமாட்டான், ஆனா அவன் எந்திரிச்சுப் போனா ஊடு விழுந்துரும். டிரம்சு சம்பந்தி. ஒண்ணுமில்லாததுக்குச் சத்தம் போடுவாரு."

மிளகு பறிக்கும் நாட்களில் தோட்டத்து மரத்தில் கூம்பு ஸ்பீக்கர் கட்டி இந்த ஐந்து பேரையும் ஓடவிடுவார். கையும் அந்த வேகத்துக்கு ஓடும் என்பது அவர் கணக்கு. ஓடத்தான் செய்தது. மிளகோடு இலை, கொடி, ஏணியில் கட்டியிருந்த கயிறு எல்லாம் சேர்ந்து வந்தன. ஒரு காதுகுத்துக்கு மைக்செட்காரர் வராதபோது இவர் உதவிக்குப் போய்ப் பிளேட்டைப் போட்டார். ஆசாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க, இந்தச் சத்தம் நிக்காம நான் கொழந்தை காதுகிட்டக் கையக் கொண்டுபோகமாட்டேனுங்க" என்று சொல்லிவிட்டார்.

அவர் மனைவியை நான் பெரியம்மா என்பேன். பெரியம்மா சொல்வது இது: "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப காப்பி ஆறுறவரைக்கும்கூட உக்காரல கண்ணு. அந்தப் பாட்டுப் பொட்டி முன்னால பாரு, மூணு மணி நேரம்."

இதில் நான் எங்கே வந்தேன் என்றால், எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். கல்லூரியில் ஆங்கிலம் படித்தேன். படித்துவிட்டு, செம்மேட்டில் நகல் எடுத்து, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக்கொடுக்கும் கடையில் வேலைக்கு உட்கார்ந்தேன். எங்கள் அப்பா பெருமையாக ஊர் முழுக்கச் சொன்னார். விளைவு, மலையில் யார் கையில் இங்கிலீஷ் எழுத்து போட்ட எது கிடைத்தாலும் என் மேஜைக்கு வந்தது. மாத்திரை அட்டை, மருந்தடிக்கும் டப்பா, பேரனின் பனியனில் எழுதியிருந்தது. மழை பெய்தால் நெட் போய்விடும். நெட் போனாலும் வரிசை போகாது. சாயங்காலம் ஷட்டரை இழுக்கும்போது என் பெயரை யாராவது கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன்.

இந்த நிலையில், நல்லது செய்கிறேன் என்று நானே ஒரு காரியம் செய்தேன். பாட்டைக் கேட்டு அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்கும் வசதி செல்போனில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளேட்டுக்காரர் வீட்டுக்குப் போய், ஓடும் பிளேட்டுக்கு முன்னால் போனை நீட்டினேன். அண்ணன் யார், எந்த ஊர், எல்லாம் வந்துவிட்டது. அமெரிக்காவில் ஒரு கம்பெனி அவருடைய பழைய பதிவுகளை எல்லாம் துடைத்துச் சுத்தம் செய்து, ஏழு பிளேட்டாக ஒரு பெட்டியில் மறுபடி வெளியிட்டிருக்கிறது என்றும் வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். திருப்பூரில் இருக்கும் அவர் மகள் வரவழைத்துவிட்டார்.

பெட்டி அடிவாரத்துப் பேளுக்குறிச்சி வரைதான் வந்தது. இவரே இறங்கிப்போய் வாங்கினார். பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் எழுபது வளைவும் நின்றுகொண்டே வந்தார். உட்கார்ந்தால் குலுங்குமாம். கண்டக்டர், "பொட்டிக்குள்ள கோழிக்குஞ்சுங்களா?" என்று கேட்டதற்கு, "எங்க அண்ணன்" என்றிருக்கிறார். கண்டக்டர் அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

அடுத்த நாள் கடை திறப்பதற்குள் வாசலில் நின்றார்.

"ஏமாத்திட்டான் சாமி. ஒரே பாட்டை அஞ்சு தடவ போட்டிருக்கறான்."

பெட்டியோடு ஒரு தடிமனான புத்தகம் இருந்தது. படித்துப் பார்த்துச் சொன்னேன். அந்தக் காலத்தில் பாட்டு சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப வாசித்துப் பதிவு செய்வார்கள். சரிவராததையும் தூக்கிப் போடாமல் இதில் சேர்த்திருக்கிறார்கள். மறுநாள் மத்தியானம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"ரெண்டாந்தடவ மச்சான் தப்புப் பண்ணிட்டான்! நடுவுல நின்னுட்டான்! அண்ணன் சிரிக்கிறாரு, நல்லாக் கேக்குது. நாப்பது வருசமா எத்தனை எடக்குப் பேசுனான், இப்ப மாட்டிக்கிட்டான் பாரு!"

டீக்கடையில் உட்கார்ந்து இதை எல்லோருக்கும் சொன்னார். யாருடைய மச்சான், என்ன தப்பு என்று தெரியாமலே நாலு பேர் சந்தோஷப்பட்டார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது என் தண்டனை. அந்தப் புத்தகம் முழுவதையும் நான் படித்துச் சொல்ல வேண்டும். தினமும் வருவார். வருமானச் சான்றுக்கு வந்தவர்களுக்கு நடுவே வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் புத்தகத்தை விரிப்பார். "ரெண்டே பக்கம் சாமி." இரண்டு பக்கத்துக்கு இருபது கேள்வி. அண்ணனுக்குக் கல்யாணம் ஆச்சா? பங்காளி எந்த ஊர்? சகலை ஏன் பாதிப் பாட்டுல இல்ல, சோறு திங்கப் போயிட்டானா?

முப்பத்தோராம் பக்கத்துக்கு வந்த அன்று கடையில் கூட்டம் நெரித்தது. எனக்கு மத்தியானம் சாப்பாடு இல்லை. நெற்றிப்பொட்டு இரண்டும் தெறித்தன. ஷட்டரைப் பாதி இழுத்துவிட்ட பிறகு இவர் குனிந்து உள்ளே வந்தார். பக்கத்தைப் பார்த்தேன். கடைசிப் பதிவு முடிந்த சில மாதங்களில், ஒரு குளிர்காலத்தில், ஆஸ்பத்திரியில் அண்ணன் இறந்துவிட்டார். முப்பத்தைந்து வயது.

"அப்பறம் அண்ணன் என்ன ஆனாரு?"

உண்மையைச் சொன்னால் இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அவ்வளவுதான் என் மனசில் இருந்தது.

"ஊருக்குப் போயிட்டாருங்க பெரியப்பா. தோட்டம் போட்டுக்கிட்டு இருக்காரு."

"அப்படிப் போடு! இருக்காருன்னு எனக்குத் தெரியும் சாமி. இல்லாத ஆளுக்கு இப்பப் புதுசாப் பொட்டி போடுவானா? என்ன வெள்ளாமை?"

"மரவள்ளிங்க." வேறு எதுவும் என் வாயில் வரவில்லை.

"அங்கயும் மாவுப்பூச்சி இருக்குதா?"

"இருக்குதுங்க."

அன்றைக்கு அவர் வேறு கேள்வி கேட்கவில்லை. திருப்தியாகப் போய்விட்டார். எனக்கும் நிம்மதி. ஆனால் ஒரு பொய்யை நட்டால் தினமும் தண்ணீர் விட வேண்டியிருக்கிறது. அடுத்தடுத்த நாட்களில் அண்ணனுக்கு முட்டிவலி வந்தது. மருமகள் சரியில்லை. பன்றி வந்து கிழங்கைத் தோண்டிவிட்டது. உண்மையைப் படித்துச் சொல்வதைவிட இது சீக்கிரம் முடிந்தது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

ஆனி கடைசியில் பெரியம்மா கடைக்கு வந்தார். "மிளகு மூட்டையெல்லாம் நாங்க படுக்கற எடத்துல கொண்டாந்து அடுக்கிட்டாரு கண்ணு. மூட்டை கெடந்த ரூமுக்குச் சுண்ணாம்பு அடிச்சு, கட்டல் போட்டிருக்குது. அண்ணன் வாராருங்கறாரு. எந்த அண்ணன்? எனக்குத் தெரிஞ்சு இவருக்கு அண்ணனே கெடையாது."

பெரியம்மா போய்ப் பத்து நிமிஷத்தில் பிளேட்டுக்காரரே வந்தார். கையில் வேட்டித்துணியில் தைத்த மிளகுப் பொட்டலம், யாரோ எழுதிக்கொடுத்த கடிதம். 'அன்புள்ள அண்ணனுக்கு. ஆடிப் பதினெட்டுக்கு வரவும். ரூம் தயார். மச்சானையும் கூட்டி வரவும். தப்பு யாருக்கும் நடக்கும் என்று சொல்லவும். சம்பந்தியை மோட்டார் ரூமில் படுக்கவைப்போம், சத்தம் காரணமாக. மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்.'

"இதை இங்கிலீசுல மாத்தி, வெலாசம் எழுது சாமி."

பேனாவைத் திறந்தேன். மூடினேன். வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

"பெரியப்பா, அவர் செத்துட்டாருங்க."

"எப்ப? நேத்தா?"

"நீங்க பொறந்த சமயமா இருக்குமுங்க. ஆஸ்பத்திரியில."

மிளகுப் பொட்டலத்தை என் மேஜைமேல் வைத்தார்.

"அப்ப அந்த மரவள்ளி?"

"நான் நட்டதுங்க."

"முட்டிவலி?"

"அது எங்க அப்பாவுக்குங்க."

"ஏன் சாமி?"

"களைப்பா இருந்துச்சுங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சட்டையைக் கழற்றினார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே போனார். சொந்தத்தில் சாவு என்றால், எத்தனை நாள் கழித்துக் காதில் விழுந்தாலும் கேட்ட நிமிஷமே தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். கடைக்கு எதிரே இருந்த குழாயடியில், ஆடி வரப்போகிற அந்தக் குளிர்க்காற்றில், குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொண்டு நின்றார்.

வரிசை முழுவதும் வெளியே போய்விட்டது.

"யாருங்க தவறுனது?"

"எங்க அண்ணன்."

"எப்பங்க?"

"எழுபது வருசம் ஆச்சு. இப்பத்தான் சேதி வந்துச்சு."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. முதியோர் பென்ஷனுக்கு வந்திருந்த ஒரு அம்மா, "வயசு என்னங்க?" என்றார்.

"முப்பத்தஞ்சு."

"அய்யோ, சின்ன வயசுங்களே" என்று முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொருவராக வந்து ஈரக்கையைத் தொட்டுத் துக்கம் விசாரித்தார்கள். நான் மட்டும் கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்தேன்.

அதற்கப்புறம் அவர் கடைக்கு வரவில்லை. வராவிட்டால் எவ்வளவு நிம்மதி என்று தினமும் நினைத்தவன் நான். ஒரு வாரம் நிம்மதியாக இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. அந்தப் பக்கம் போய்வருகிறவர்களிடம் விசாரித்தேன். பாட்டுப் பெட்டிமேல் துணி போர்த்தியிருக்கிறது, பதினாறு நாளைக்குப் பாட்டுக் கிடையாது என்றார்கள்.

பதினாறாம் நாள் லீவு கேட்டுக்கொண்டு போனேன். சுண்ணாம்பு அடித்த அறையில் சாக்ஸபோனோடு அண்ணன் படம், புத்தகத்திலிருந்து கத்தரித்தது, மாலையோடு இருந்தது. குழாயடியில் துக்கம் விசாரித்தவர்களில் பாதிப் பேர் பந்தியில் இருந்தார்கள். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. பெரியம்மா எனக்குப் பரிமாறிக்கொண்டே காதோடு சொன்னார்: "அந்தச் சத்தம் இல்லாம எனக்கும் சோறு எறங்கல கண்ணு. அவருகிட்டச் சொல்லிராத."

எல்லோரும் போன பிறகு பிளேட்டுக்காரர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். புத்தகத்தை விரித்து வைத்தார்.

"முப்பத்தோராம் பக்கத்துலிருந்து படி."

படித்தேன். அந்தக் கடைசிப் பதிவு அன்று மழை என்று போட்டிருக்கிறது என்றேன்.

"நெசமா?"

"நெசமாங்க."

அண்ணன் தாமதமாக வந்தார். "நெசமா?" ஆமாங்க. சாக்ஸபோன் இரவல் வாங்கியது. "நெசமா?" ஆமாங்க பெரியப்பா. வரியில் விரலை வைத்துக் காட்டு என்றார். வைத்துக் காட்டினேன். அவருக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் குனிந்து, விரல் வைத்த இடத்தைப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தார். ஒவ்வொரு வரிக்கும் இப்படி. மச்சான் போனது, பங்காளி போனது, சகலை போனது எல்லாம் படித்தேன்.

"சம்பந்தி?"

"தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தாருங்க."

"இருப்பாரு. அவ்வளவு சத்தம் போட்டவரு சட்டுனு போயிருவாரா?"

அப்போதுதான் கவனித்தேன். இந்த முறை 'நெசமா' என்று அவர் கேட்கவில்லை. அடுத்த வரிக்கும் கேட்கவில்லை. அதற்கடுத்த வரிக்கும் இல்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுத்து ஆடியது, கண்ணைக் கசக்கிவிட்டுப் படித்தேன்.

"போதும் சாமி. மூஞ்சியெல்லாம் வாடிக் கெடக்குது. நாளைக்குப் பாத்துக்கலாம் போ."

அத்தனை மாதத்தில் முதல் தடவையாக, அவர் கேட்காமலே அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.